பண்ணை வீட்டுச் சுருட்டு

அத்தியாயம் 6

"பொம்பளைங்க சுருட்டுப் பிடிச்சு நான் பார்த்ததே இல்லை" என்று சிரித்தார் வைத்தியலிங்கம்.

"உங்க வயல்ல நடவு நடுற கிழவிங்க மடியில பாதிக்கு மேல சுருட்டுதான் இருக்கும். அவங்க குனிஞ்சே நிக்கிறதால உங்க கண்ணுல பட்டிருக்காது" என்றாள் அமிர்தம்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவளுடைய உதவியாளன் அரசப்பன், சிரிப்பை மறைக்க ஒரு பக்கோடாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

மன்னார்குடியிலிருந்து திருவாரூர் போகிற சாலையில், வாய்க்கால் பாலத்தை ஒட்டி இருந்தது வைத்தியலிங்கத்தின் பண்ணை வீடு. வெளியே மாசி வெயிலில் தாளடி நெல் அறுவடை. உள்ளே ஏ.சி. குளிர். குளிர் அமிர்தத்துக்கு உறைக்கவில்லை. காலையில் கிளைச்சிறையில் கண்ணுசாமியைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவளுக்கு உடம்பெல்லாம் கொதித்துக்கொண்டிருந்தது.

மார்கழிக் கடைசியில் ஒரு சாயங்காலம், எல்லோரும் வயலில் இருந்தபோது, இந்தப் பண்ணையின் வாய்க்கால் கரையில் கண்ணுசாமியின் குடிசை எரிந்தது. உள்ளே இருந்த அவனுடைய அம்மா காத்தாயி வெந்து செத்துப்போனாள். போலீஸ் கண்ணுசாமியையே பிடித்துக்கொண்டு போனது. காரணம், வைத்தியலிங்கம் கொடுத்த வாக்குமூலம். தீபாவளிக்கு முன்னால் ஓடு மாற்ற வந்த கண்ணுசாமி, அவருடைய பெட்டியிலிருந்து வெளிநாட்டுச் சுருட்டு ஒன்றைத் திருடிப் போய்க் குடிசைக் கூரையில் செருகி வைத்திருந்தானாம். அன்றைக்குக் குடித்துவிட்டு அதைப் பற்றவைத்தவன் தீக்குச்சியைக் கூரையில் எறிந்துவிட்டானாம். குடிசைக்கு வெளியே துவைக்கிற கல்லின் மேல் கிடந்த சுருட்டுத் துண்டுதான் அதற்கு ஆதாரம்.

கண்ணுசாமி அன்று குடித்திருந்தது நிஜம். வரப்பில் விழுந்து தூங்கியவனுக்கு எதுவும் நினைவில்லை. 'ஒத்துக்கிட்டா தண்டனை குறையும்' என்று அவனுடைய வக்கீல் துரைராசு சொல்லியிருந்தார். நாளைக் காலை திருவாரூர் கோர்ட்டில் அவன் குற்றத்தை ஒத்துக்கொள்ளப் போகிறான்.

கூடாது என்று சொன்ன ஒரே ஆள் அவன் மனைவி பொன்னுத்தாய். அவள்தான் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறி வந்து அமிர்தத்தைப் பிடித்தாள். அமிர்தம் முன்பு சப்-இன்ஸ்பெக்டராக இருந்தவள். கூலி கேட்ட பெண்களை அடிக்கச் சொன்ன அதிகாரியின் மேஜையில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தவள். இப்போது தனியாகத் துப்பு விசாரிக்கிறாள்.

"பிடிக்கிறதா இருந்தா சொல்லுங்க, எடுக்கிறேன். சும்மா வேடிக்கைக்குன்னா வேணாம். ஒவ்வொண்ணும் தங்கம்" என்றார் வைத்தியலிங்கம்.

"எடுங்க. அப்படி என்னதான் இருக்குன்னு பார்ப்போம்."

அவருக்கு அது போதுமாக இருந்தது. காட்டிப் பெருமைப்பட ஆள் கிடைக்காத மனுஷன். எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு தேவதாரு மரப் பெட்டியைத் தூக்கி வந்தார். மூடியின் உட்புறத்தில் ஈரப்பதம் காட்டும் சின்ன முள் ஒன்று இருந்தது. திறந்ததும் பழைய மரம், கருப்பட்டி, மாட்டுக் கொட்டகை எல்லாம் கலந்த மாதிரி ஒரு வாசனை.

"நிகரகுவா" என்றார். "அமெரிக்காவுக்குத் தெற்கே இருக்கிற நாடு. எரிமலை மண்ணுல விளைஞ்ச புகையிலை. மகன் ஃப்ளோரிடாவுல இருந்து அனுப்புறான்."

"நம்ம ஊர்ல களிமண்ணு. அதனாலதான் நமக்கெல்லாம் பீடி" என்றான் அரசப்பன். "எனக்கு ஒண்ணு கிடைக்குமா சார்?"

"உனக்குப் பக்கோடா" என்றாள் அமிர்தம்.

வைத்தியலிங்கம் ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தார். "மேல் இலையைப் பாருங்க. எண்ணெய் தேய்ச்ச மாதிரி மினுங்கணும். விரல்ல அழுத்தினா மெத்துன்னு உள்ளே போய்த் திரும்பி வரணும். நொறுங்கினா காய்ஞ்சது. பொதபொதன்னு இருந்தா ஊறிப் போனது. ரெண்டுமே குப்பை."

நுனியைச் சின்னக் கத்தியால் சீவிக் கொடுத்தார். "உறிஞ்சக் கூடாது. நெஞ்சுக்குள்ள இழுக்கக் கூடாது. வாயில வாங்கி நாக்குல உருட்டி விட்டுடணும்."

அமிர்தம் பற்றவைத்தாள். முதல் புகையிலேயே மிளகை வறுத்த மாதிரி ஒரு காரம் மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் கட்டியது. இருமல் வந்தது. இருமினால் இந்த ஆள் சிரிப்பான். அடக்கிக்கொண்டாள்.

"காரமா இருக்கா?" வைத்தியலிங்கத்தின் கண்கள் மின்னின. "மத்த சுருட்டெல்லாம் போகப்போகக் காரம் ஏறும். இது தலைகீழ். பாதி தாண்டினதும் காரம் இறங்கி வெல்லப்பாகு மாதிரி ஆயிடும். சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, பிடிச்சாத்தான் தெரியும். இந்த ஜில்லாவுல இதைக் கடைசி வரைக்கும் பிடிச்சவன் என்னைத் தவிர..."

நிறுத்திக்கொண்டார்.

"உங்களைத் தவிர?"

"என்னைத் தவிர யாரும் இல்லைன்னு சொல்ல வந்தேன்."

அமிர்தம் அதைப் பிடித்து இழுக்கவில்லை. சாம்பலைப் பார்த்தாள். வெள்ளையாக, உடையாமல் ஓர் அங்குலத்துக்கு நின்றது. எரிகிற விளிம்பு கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது.

"அழகா எரியுதே."

"எரியாம? பராமரிப்பு அப்படி. ஐப்பசி, கார்த்திகையில நம்ம ஊர் எப்படின்னு தெரியும்ல? சுவரே வியர்க்கும். இந்தப் பெட்டியை விட்டு ஒரு வாரம் வெளியே வெச்சீங்கன்னா ஊறி, உப்பி, மேல் இலை வெடிச்சிடும். பூஞ்சை பிடிச்சிடும். அப்புறம் பத்தவெச்சா ஒரு பக்கம் எரியும், ஒரு பக்கம் அணையும். கொசுவுக்குப் புகை போடக் கூட ஆகாது."

"ஒரு வாரத்துலயே?"

"ஒரு வாரமே அதிகம்."

அமிர்தம் சுருட்டை வாயிலிருந்து எடுத்தாள். அவள் குரல் இறங்கியது. அரசப்பன் பக்கோடாத் தட்டைக் கீழே வைத்தான். மேடத்தின் குரல் இறங்கினால் அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும்.

"தீபாவளிக்கு முன்னால கண்ணுசாமி திருடினான்னு சொல்லியிருக்கீங்க. குடிசைக் கூரையில செருகி வெச்சிருந்தான்னு சொல்லியிருக்கீங்க. ஐப்பசி மழை, கார்த்திகை மழை ரெண்டும் அந்தக் கூரை மேலதான் பெஞ்சுது. மார்கழிக் கடைசியில எடுத்துப் பிடிச்சானாம். நேத்து அந்தத் துண்டைக் கோர்ட்டுல அனுமதி வாங்கிப் பார்த்தேன். மேல் இலை மினுங்குது. ஒரு வெடிப்பு இல்லை, பூஞ்சை இல்லை. எரிஞ்ச விளிம்பு இதோ, இதே மாதிரி நேர்க்கோடு. அது கூரையில இருந்த சுருட்டு இல்லை. அன்னைக்கே இந்தப் பெட்டியில இருந்து வெளியே போன சுருட்டு. நான் சொல்லலை. இப்ப நீங்களே சொன்னீங்க."

வைத்தியலிங்கத்தின் முகம் செத்தது. பெட்டியின் மூடியை அறைந்து சாத்தினார்.

"எந்திரிங்க."

"யாருக்குக் கொடுத்தீங்க?"

"அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் நான் திருவிடைமருதூர்ல ஒரு அறுபதாம் கல்யாணத்துல இருந்தேன். ஊரே பார்த்தது."

"விசாரிச்சிட்டேன். மூணாவது பந்தியில சாப்பிட்டு, பாயசம் சரியில்லைன்னு சமையல்காரனைத் திட்டியிருக்கீங்க. நீங்க கொளுத்தலை. கொளுத்தினவன் யாருன்னு உங்களுக்குத் தெரியும். அவனைக் காப்பாத்த, அம்மாவைப் பறிகொடுத்தவன் தலையிலயே பழியைப் போட்டீங்க."

"வெளியே போறியா, ஆளைக் கூப்பிடவா?"

"ஆளுங்க எல்லாம் உங்க வயல்லதான் சார் அறுத்துக்கிட்டிருக்காங்க. கையில அரிவாளோட வருவாங்க. கூப்பிடுறதா இருந்தா யோசிச்சுக் கூப்பிடுங்க" என்று சொல்லிக்கொண்டே அரசப்பன் மிச்சப் பக்கோடாவைக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டான்.

பழைய அம்பாசிடரில் ஏறி உட்கார்ந்த பிறகும் அமிர்தம் சுருட்டை அணைக்கவில்லை.

"மேடம், அதைத் தூக்கிப் போடுங்க. கார் நாறுது. ஆயில் வாசனையே எவ்வளவோ மேல்."

"பேசாம ஓட்டு. பாதி தாண்டப் போகுது."

வாய்க்கால் கரையோரம் வண்டி குலுங்கிக்கொண்டு போனது. இடதுபுறம் அறுத்து முடித்த வயலின் தாள். வலதுபுறம் வரிசையாகக் குடிசைகள். ஏழெட்டுத் தலைமுறையாக அந்தப் பண்ணையில் வேலை செய்தவர்களின் வீடுகள். குடியிருந்த மனை குடியிருந்தவனுக்கே என்று சட்டம் வந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. சட்டம் சென்னையில் இருந்தது, மனை மட்டும் பண்ணையின் கையில் இருந்தது. இப்போது அந்த நிலம் முழுவதையும் ஓர் இன்ஜினியரிங் காலேஜுக்கு விற்க வைத்தியலிங்கம் பேசி முடித்திருந்தார். காலேஜுக்குப் பாதை இந்தக் குடிசைகளின் மேல்தான் போக வேண்டும். மற்றவர்கள் தயங்கித் தயங்கி இறங்கி வந்தபோது, 'என்னைத் தூக்கிப் போட்டுட்டு ரோடு போடு' என்று நின்றவள் காத்தாயி ஒருத்திதான்.

அமிர்தம் சட்டென்று நிமிர்ந்தாள். நாக்கில் காரம் இல்லை. தித்திப்பு. வெல்லப்பாகில் கொஞ்சம் காப்பித் தூளைப் போட்ட மாதிரி.

"அந்த ஆளு ஒரே ஒரு விஷயத்துல உண்மை பேசியிருக்கார்" என்றாள். "இது தலைகீழ்தான். கல்லு மேல கிடந்த துண்டு கட்டைவிரல் நீளம்தான் இருந்தது. அதைப் பிடிச்சவன் பாதியைத் தாண்டியிருக்கான். அவனுக்கும் இந்த ருசி தெரியும்."

"ஜில்லா முழுக்க ஒவ்வொருத்தர் நாக்கையும் நீட்டச் சொல்லிப் பார்ப்போமா மேடம்?"

எரிந்துபோன குடிசைக்குப் பக்கத்தில் ஓலை போட்டு இறக்கிய சாய்ப்பின் கீழ் பொன்னுத்தாய் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு எதிரில் மர ஸ்டூலில் வக்கீல் துரைராசு. வெள்ளைச் சட்டை, கையில் டீ டம்ளர். காசு வாங்காமல் வழக்கு நடத்துகிறவர், தொழிலாளர் சங்கத்தின் ஆலோசகர், கூலி உயர்வுக்கு மேடையில் கையை உயர்த்திக் கத்துகிறவர். அவர் வந்தால் அந்தத் தெருவில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள்.

"வாங்க மேடம்" என்றார். "நீங்களாவது சொல்லுங்க. நாளைக்குக் கண்ணுசாமி ஒத்துக்கிட்டான்னா கொஞ்ச நாள்ல வெளியே வந்துடுவான். கேஸ் நடத்தினா வருஷக்கணக்கா இழுக்கும். இந்தப் பொண்ணு பிடிவாதமா நிக்குது."

"அவுரு செய்யலைங்கய்யா" என்றாள் பொன்னுத்தாய். அதைச் சொல்லிச் சொல்லி அவள் குரல் தேய்ந்திருந்தது.

"அவனே ஞாபகமில்லைங்கிறானே, தாயி. ஜட்ஜ் கேட்டா என்ன சொல்றது?"

அமிர்தம் அவரைப் பார்த்தாள். கண்ணுசாமியை ஒத்துக்கொள்ளச் சொல்வது இவர். காத்தாயி போன பிறகு மனையை விட்டுக்கொடுக்கும்படி மற்றவர்களைச் சமாதானம் பேசி இறக்கிவிடுவதும் இவர்தான். இத்தனை நாளாக இதை இரக்கம் என்று நினைத்திருந்தாள். ஜில்லா முழுவதும் தேட வேண்டியதில்லை. ஒரே ஒரு நாக்கைச் சோதித்துப் பார்த்தால் போதும்.

"இனிமே ஒத்துக்கவே வேண்டாம் சார்" என்றாள். "நாளைக்கு நானே சாட்சிக் கூண்டு ஏறப் போறேன். பண்ணை வீட்டுல அந்தச் சுருட்டை முழுசாப் பிடிச்சுப் பார்த்துட்டு வர்றேன். முதல்ல வெல்லம் மாதிரி இனிக்குது. பாதி தாண்டினா மிளகாயைக் கரைச்சு ஊத்தின மாதிரி தொண்டையைக் கிழிக்குது. பழகாத ஆளு அதுக்கு மேல பிடிக்கவே முடியாது. கல்லு மேல கிடந்தது கட்டைவிரல் அளவு. பீடி பிடிக்கிற கண்ணுசாமி அவ்வளவு தூரம் பிடிச்சிருக்க வாய்ப்பே இல்லை. கேஸ் முடிஞ்சுது."

துரைராசு தலையை ஆட்டினார். தப்பான வாதத்தைக் கேட்ட வக்கீலின் எரிச்சல் அவர் முகத்தில் ஏறியது.

"கூண்டுல ஏறி இதைச் சொல்லிடாதீங்க மேடம். ஒரே நிமிஷத்துல உடைச்சிடுவாங்க. காரமெல்லாம் ஆரம்பத்துலதான். பாதிக்கு மேலதான் இனிக்கும். அப்ப யாரு வேணாலும் கடைசி வரைக்கும் பிடிக்கலாமே? உங்க வாதம் நிக்காது."

சொல்லிவிட்டு டீயை ஒரு மடக்குக் குடித்தார்.

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்று கேட்டான் அரசப்பன். இந்தத் தடவை அவன் குரலில் விளையாட்டு இல்லை.

"பொதுவா... சுருட்டுன்னா அப்படித்தானே."

"பொதுவா எல்லாச் சுருட்டும் போகப்போகக் காரம் ஏறும்" என்றாள் அமிர்தம். "இது ஒண்ணுதான் தலைகீழ். பிடிச்சாத்தான் தெரியும்னு வைத்தியலிங்கம் சொன்னார். யாருக்குக் கொடுத்தேன்னும் சொன்னார். பேரோட."

கடைசி இரண்டு வாக்கியங்கள் பச்சைப் பொய். துரைராசுவின் கையில் இருந்த டீ டம்ளர் சாய்ந்து வெள்ளை வேட்டியில் கொட்டியது.

"அந்த நாய் என்னைக் காட்டிக் கொடுத்துட்டானா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. பொன்னுத்தாய் அவரையே பார்த்தாள்.

"நீயாய்யா?" என்றாள்.

"நான் பேசத்தான் வந்தேன்." அவர் எழுந்துவிட்டார். வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. "அவன்தான் அனுப்பினான். அன்னைக்குக் காலையில வீட்டுக்குக் கூப்பிட்டான், சுருட்டெல்லாம் கொடுத்தான். காலேஜ் வந்தா சட்ட ஆலோசகர் நீதான்னான். கிழவிகிட்ட மரியாதையாத்தான் கேட்டேன். அவ என் மூஞ்சியில காறித் துப்பிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. கோவம். பயமுறுத்தத்தான் கூரை ஓரத்துல ஒரு குச்சியை... வெளியே ஓடி வந்துடுவான்னு நினைச்சேன்."

"கத்துனது கேட்டுச்சா?"

துரைராசு குனிந்துகொண்டார்.

"கேக்குறேன்ல. என் மாமியா கத்துனது உனக்குக் கேட்டுச்சா?"

"ரோட்டுக்குப் போயிட்டேன்... அங்கே இருந்து..."

"கேட்டுச்சு" என்றாள் பொன்னுத்தாய். "கேட்டுட்டும் போயிட்டே. மறுநாள் வந்து பொணத்து மேல மாலை போட்டே. நான் உன் கால்ல விழுந்தேன்யா. இந்தக் கையால உனக்கு டீ போட்டுக் கொடுத்துக்கிட்டிருக்கேன்."

அவள் போட்ட சத்தம் வயல் வரைக்கும் போய்விட்டது. வரப்பின் மேல் ஆட்கள் வரிசையாக வந்தார்கள். தலையில் முண்டாசு, கையில் அரிவாள். முன்னால் வந்தவன் காத்தாயியின் தம்பி சாமிதுரை. வரும்போதே அவன் காதில் விழ வேண்டியது விழுந்திருந்தது.

"தள்ளிக்கம்மா" என்றான் அமிர்தத்திடம்.

அமிர்தம் துரைராசுவுக்கு முன்னால் போய் நின்றாள். அவளுக்கே அருவருப்பாக இருந்தது. இந்த ஆளைக் காப்பாற்றவா இத்தனை தூரம் வந்தோம்? அவளுடைய கையும் அவன் கழுத்தைத்தான் தேடியது. ஆனாலும் நகரவில்லை.

"சாமிதுரை, இவன் செத்தா கண்ணுசாமி உள்ளேதான் இருப்பான். உன்னையும் அங்கே கொண்டுபோய் வைப்பாங்க. பண்ணை ஜாலியா ரோடு போடுவான்."

"இருக்கட்டும். தள்ளு."

"மாமா." பொன்னுத்தாய் நடுவில் வந்தாள். "இவன் உசுரோட கோர்ட்டுக்கு வரணும். என் புருசன் நிக்கிற கூண்டுல இவன் ஏறி நிக்கணும். அதை நான் பாக்கணும். அருவாளைக் கீழ போடுங்க."

சாமிதுரை போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். பிறகு அரிவாளை ஓங்கி, மர ஸ்டூலில் ஒரே வெட்டு. ஸ்டூல் பிளந்து விழுந்தது. துரைராசு தானாகவே ஓடிப் போய் அம்பாசிடரின் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"இந்த வண்டிக்கு இவ்வளவு ஆசையா யாரும் ஏறினதே இல்லை மேடம்" என்றான் அரசப்பன்.

திருவாரூர் போகிற வழி நெடுக துரைராசு பேசிக்கொண்டே வந்தார். வைத்தியலிங்கம் தன்னைக் காட்டிக் கொடுத்தான் என்ற ஆத்திரத்தில் அவனைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டினார். திருட்டுக் கதையை இருவரும் எங்கே உட்கார்ந்து யோசித்தார்கள் என்பது வரைக்கும் சொன்னார். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் அவரை இறக்கி உள்ளே அனுப்பிய பிறகு அரசப்பன் மெதுவாகக் கேட்டான்.

"பண்ணையார் யார் பேரையும் சொல்லலைன்னு இவர்கிட்ட எப்ப மேடம் சொல்லப் போறீங்க?"

"வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட்டும் எழுதி முடிக்கட்டும்."

மறுநாள் காலையில் கண்ணுசாமியைக் கோர்ட்டுக்குக் கொண்டு வந்தபோது, ஒத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இருக்கவில்லை. முந்தின சாயங்காலமே துரைராசு மாஜிஸ்திரேட்டிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். பொய் வாக்குமூலம் கொடுத்ததற்கும் தூண்டிவிட்டதற்கும் வைத்தியலிங்கத்தைத் தேடி ஜீப் போயிருந்தது. அவர் நெஞ்சுவலி என்று மன்னார்குடி ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டார். 'நானே பழம் வாங்கிக்கிட்டுப் போய்ப் பார்த்துட்டு வர்றேன், படுக்கையில இருந்து எழுந்திரிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன்' என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டாள் அமிர்தம். அவள் அதைச் சொன்ன விதத்தில் இன்ஸ்பெக்டர் உடனே ஆஸ்பத்திரி வாசலுக்கு இரண்டு போலீஸ்காரர்களை அனுப்பினார்.

பத்து மணிக்கு மேல் கண்ணுசாமியை வெளியே விட்டார்கள். கோர்ட் வராந்தாவில் அவன் நகராமல் நின்றான். இளைத்திருந்தான். யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

"நான் இல்லியா?" என்றான். "நெசமாவே நான் இல்லியா?"

"நீ இல்லைய்யா" என்றாள் அமிர்தம்.

"குடிச்சிருந்தேம்மா. ஒண்ணும் ஞாபகமில்ல. வக்கீலய்யா வாரா வாரம் வந்து சொன்னாரு. நீதான்டா, மனசைத் தேத்திக்கன்னாரு. ராத்திரி ஆனா ஆத்தா கத்துறது கேக்கும். நாந்தான்னு நெனச்சிட்டேன். தூக்குக் கொடுத்தாக் கூடத் தேவலன்னு..."

பொன்னுத்தாய் பாய்ந்து வந்து இரண்டு கையாலும் அவன் நெஞ்சில் அறைந்தாள்.

"நீ எப்படிய்யா நம்புன? ஊரே நம்பட்டும், நீ எப்படி நம்புன? பெத்தவளக் கொளுத்துற கையாய்யா இது? அவன் சொன்னா? அவன் யாருய்யா உன்னப் பத்தி உங்கிட்டயே சொல்ல?"

அவன் அடியை வாங்கிக்கொண்டு நின்றான். மறுபடி அறைந்தாள். பிறகு அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். அப்படியே பிடித்தபடிதான் அழுதாள். வராந்தாவில் நின்ற வக்கீல்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள்.

"வா. குடிசைக்குக் கீத்து வாங்கிக்கிட்டுப் போவணும். மாமா மூங்கிலு வெட்டி வெச்சிருக்காரு."

"எங்க போடுறது?"

"எங்க போடுறதுன்னா? அதே எடத்துலதான்" என்றாள் பொன்னுத்தாய். "இன்னைக்கே போடணும். எவன் வந்து ரோடு போடுறான்னு பாப்போம்."